கூரையில் ஓடிய தண்ணீர்

“என்னைப் பேச விடமாட்டேங்கறாங்கம்மா.”

வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் கட்டு. தங்கை எந்த நேரமும் மிதந்து போய்விடுவாள் என்று பயந்தவள்போல, அவளுடைய அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மழை பெய்து ஓய்ந்த காலை. ஜன்னல் திரை மெல்ல உள்ளே வந்து, மெல்ல வெளியே போனது.

எதிரே இருந்த துப்பறிவாளருக்குத் தெரு வைத்த பெயர் நிதானம். வீடே பற்றி எரிந்தாலும் தலையை வாரிக்கொண்டுதான் அந்த அம்மாள் வெளியே வருவார் என்பார்கள். கூடவே சுற்றும் அவருடைய கொழுந்தனோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர். கட்டைப் பார்த்ததுமே, “அண்ணி, ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு!” என்றார்.

“அவங்க இன்னும் நடந்ததையே சொல்லலையே தம்பி,” என்றார் நிதானம்.

நடந்தது இதுதான். ஹோட்டல் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தின் மாடியில் இஸ்திரி போடுவது அவள் வேலை. போன விடுமுறை நாளில், அவசரத் துணி என்று மேற்பார்வையாளர் அவளை மட்டும் வரச் சொன்னார். புது விரிப்புக் கட்டு ஒன்று குறைகிறதே என்று காலையில் அவரிடம் கேட்டுவிட்டு, அவள் வேலையைப் பார்த்தாள். எப்போது என்று தெரியாத ஒரு நேரத்தில் பின்மண்டையில் அடி விழுந்தது. சாயங்காலம் துணி எடுக்க வந்த வேன் டிரைவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போலீஸ் அவரையே பிடித்து உள்ளே வைத்துவிட்டது. மேற்பார்வையாளர் வெயில் தாழ்ந்து கிளம்பியபோது அவள் நன்றாகத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு அவர் தன் அக்கா வீட்டில் இருந்ததற்கு நாலு பேர் சாட்சி. அடித்த பொருள் மட்டும் கிடைக்கவில்லை.

“டிரைவர் அண்ணன் இல்லம்மா,” என்றாள் அவள். “அடி விழுந்ததும் மல்லாந்து கிடந்தேன். முழிப்பு இருந்துச்சு. கூரையில தண்ணி ஓடிச்சு. பளபளன்னு அலை அலையா. கொஞ்ச நேரத்துல அதுவே அடங்கி, விரிப்பு விரிச்ச மாதிரி அசையாம நின்னுச்சு. வலிகூட மறந்துபோச்சு, அவ்வளவு அழகு. சாயங்காலத்துல ஏதும்மா அத்தனை வெளிச்சம்?”

அரசு வக்கீல் இதைக் கேட்டுச் சிரித்தாராம். மயக்கத்தில் கண்ட கனவு, கோர்ட்டில் சொன்னால் வழக்கே கவிழ்ந்துவிடும், நாளைக்கு நான் பேசிக்கொள்கிறேன், நீ வீட்டில் படுத்திரு என்றாராம்.

“அடிபட்டது இவ தலை. பேசறது அவர் வாயா?” என்றாள் அக்கா.

“பாதிக்கப்பட்டவங்க சொல்றதைக் கேட்கணும்னு சட்டம் இருக்கும்மா. யாரும் போடற பிச்சை இல்ல அது, இவங்க உரிமை,” என்றார் நிதானம். அவர் குரல் உயரவில்லை. ஆனால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று கொழுந்தனுக்குத் தெரிந்தது. “வாங்க, அந்தக் கூரையைப் பார்த்துட்டு வருவோம்.”

சலவைக்கூடம் அன்றிலிருந்து பூட்டிக் கிடந்தது. விசாரணை அதிகாரி திறந்துவிட்டார். உள்ளே சோப்பு வாசனை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் தேனாகப் பேசினார். அவருடைய அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வந்தது. அதைக் காலால் முட்டுக் கொடுத்தபடியே பேசினார்.

மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, உயர்ந்த சுவர்களுக்கு நடுவில் குறுகலான முற்றம். அதை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தொட்டி. நீலம் கலந்த தண்ணீரில் அடி தெரியவில்லை.

“இங்க காத்து வருமா?” என்று கேட்டார் நிதானம்.

“மூச்சுக்காத்துகூட வராதுங்க. அதான் துணியை மொட்டை மாடியில காயப்போடறோம்.”

“தொட்டிக் குழாய் ஒழுகுமா?”

“என் பொறுப்புல இருக்கறப்பவா? லீவு நாள்ல மெயின் வால்வை நானே மூடிடுவேன். ஒரு சொட்டு விழாது.” அவர் பெருமையாகச் சிரித்தார்.

அன்று பகலிலேயே, அரசு வக்கீல் உட்பட எல்லோரும் அந்த இஸ்திரி அறையில் கூடினார்கள். கூரை வெறுமையாக இருந்தது. வக்கீல் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். கொழுந்தன் அங்குமிங்கும் நடந்தார். நிதானம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் உச்சியைத் தாண்டிச் சற்றே சாய்ந்தது. கூரையில் ஒரு வெளிச்சத் துண்டு முளைத்தது. முதலில் கோடாக, பிறகு பட்டையாக, கடைசியில் ஒரு விரிப்பின் அளவுக்கு வளர்ந்து நின்றது.

“தொட்டித் தண்ணில பட்டுத் தெறிக்கிற வெயில்,” என்றார் நிதானம். “இந்த நேரம் மட்டும்தான் அது முற்றத்துக்குள்ள எட்டிப் பார்க்குது.”

“சரி, வெளிச்சம் இருக்கு. அலை எங்க?” என்றார் வக்கீல்.

“நல்ல கேள்வி. தம்பி, தொட்டியில எதையாவது போடுங்க.”

கொழுந்தன் சுற்றுமுற்றும் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. சட்டென்று தன் செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியே வீசினார்.

கூரை உயிர் பெற்றது. வெள்ளிக் கொடிகள் பின்னிப் பிரிந்து ஓடின. அறை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது. கட்டுப் போட்ட தலையை நிமிர்த்தி அவள் பார்த்தாள். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

“இதேதான்க்கா. நான் கனவு காணல.”

“காத்து இல்ல. குழாய் இல்ல. இவரே சொன்னார்,” என்றார் நிதானம். “அப்போ அன்னிக்குத் தண்ணியைக் கலக்கினது யாரு? அடிச்சவர் அடிச்ச பொருளை இந்த ஜன்னல் வழியா தொட்டிக்குள்ள போட்டிருக்கார். அந்த அலைதான் கூரையில ஓடிச்சு. சாயங்காலம்னா கூரையில வெளிச்சமே கிடையாது. அதனால வேன் டிரைவர் இல்ல. இந்த நேரத்துல கட்டடத்துல இருந்தவர் இன்னும் ஒருத்தர்தான். தான் வெயில் தாழ்ந்து கிளம்பினப்போ இவங்க நல்லா தேய்ச்சிட்டு இருந்தாங்கன்னு சொன்னவர்.”

மேற்பார்வையாளரின் முகம் வெளுத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

தொட்டியைத் திறந்துவிட்டார்கள். நீலம் வடிய வடிய, முதலில் ஒரு செருப்பு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், பழைய காலத்துக் கரி இஸ்திரிப் பெட்டி ஒன்று கிடந்தது.

“சார் ரூம் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறதாச்சே இது,” என்றாள் அவள்.

மேற்பார்வையாளர் துணி மூட்டையின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். “வித்த விரிப்பைப் பத்தி முதலாளிகிட்ட சொல்லிடுவாளோன்னு பயந்துட்டேன்,” என்று முனகினார். அதிகாரி அவர் தோளில் கை வைத்தார்.

வக்கீலுக்கு இப்போது சுறுசுறுப்பு பிறந்தது. “பிரமாதம்! நாளைக்கு கோர்ட்டையே அசத்திடறேன். நீ வரணும்னுகூட இல்லம்மா.”

“வருவேன் சார்,” என்றாள் அவள். “நானே பேசறேன்.”

மறுநாள் காலை, கோர்ட் அறை ஈரக்குடைகளும் இருமலுமாக இருந்தது. அவள் பக்கம் பேச வேண்டிய நேரம் வந்ததும், பழக்க தோஷத்தில் வக்கீல் எழுந்தார். அவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு நீதிபதி அவளைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. அவசரமில்ல.”

அவள் எழுந்து நின்றாள். கூண்டுக்குப் பக்கத்தில், பல நாள் சவரம் செய்யாத முகத்தோடு வேன் டிரைவர் தலை குனிந்து நின்றிருந்தார்.

“என்னைத் தூக்கிட்டு ஓடினவர் அதோ நிக்கறாருங்கய்யா. முதல்ல அவரை வீட்டுக்கு அனுப்புங்க,” என்றாள் அவள். “எனக்கு நடந்ததை அப்புறம் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்.”