வெயிலில் விரித்த குடை

மினிபஸ்ஸிலிருந்து இறங்கிய கின்-சுங் கறுப்புக் குடையை முழுதாக விரித்தான். வானத்தில் மேகமே இல்லை. பஸ்ஸுக்குள்ளும் பாதி விரித்துத்தான் வைத்திருந்தான். பக்கத்து இருக்கைக்கும் சேர்த்துக் காசு போட்டிருந்தான். டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. அது ஆஸ்பத்திரி வழியாக வரும் பஸ்.

குடைக்கடியில் அவன் அக்கா லாய்-குவன் வந்துகொண்டிருந்தாள். வரவேண்டும். போன வாரம் ஆஸ்பத்திரியில் செத்தவள் வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடக் கூடாதென்று அம்மாதான் அவனைக் குடையோடு அனுப்பியிருந்தாள்; ஆவிக்கு வெயில் ஆகாதாம்.

மதில் சூழ்ந்த அவர்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணமாகாமல் வெளியே செத்த பெண்ணின் ஆவி ஊர் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வேண்டுமானால் அவள் ஆவிக்கு இடம் கொடுக்க ஒரு மாப்பிள்ளை பார்க்கலாம் என்றார்கள் பெரியவர்கள். செத்த மாப்பிள்ளை.

"முன்னோர் மண்டபத்துல இடம் வேணாம்டா," என்றாள் அம்மா. "சமையக்கட்டுல என் பக்கத்துல இருந்துட்டுப் போறா."

இன்று ஆண்களெல்லாம் குலமண்டபத்தில், புதிதாய்ப் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஆள் இருக்காது.

"அக்கா, பாலம் வருது. பாத்து வா."

குடை ஒரு பக்கம் கனத்தது.

டெட்டால் வாசனை.

உயிரோடு இருந்தபோதும் குடையில் முக்கால் பங்கை அவள்தான் எடுத்துக்கொள்வாள்.

"அக்கா, வாசப்படி. காலைத் தூக்கி..."

இரும்புக் கதவுக்குப் பின்னால் பாக்-சோய் பெரியப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா துரை, வெயில்ல குடை? கறுத்துட்டா பொண்ணு கிடைக்காதோ?" மண்டபத்துப் பக்கமிருந்து இரண்டு தலைகள் திரும்பின. "யார்கிட்டடா பேசிட்டு வரே?"

"யாருமில்ல, பெரியப்பா."

குடை லேசானது.

வீட்டில் அம்மா அக்காவுக்குக் கிண்ணத்தில் சோறு போட்டு வைத்திருந்தாள். மேலே வறுத்த பன்றி இறைச்சி. குலத்து ஆண்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பதில் அவன் பங்கு.

"வந்துட்டாளா?"

அவன் குடையை மடக்கினான். அம்மா காற்றை முகர்ந்து பார்த்தாள்.

"வாசல்ல என்ன சொன்னே?"

சொன்னான். அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அத்தனை ஆண்களும் பார்க்க, ஊர் வாசலைத் தாண்டி வெளியே போனாள்.

"குவன், உன் தம்பி பயத்துல சொல்லிட்டான்மா. நீ என் பொண்ணு. வா கண்ணு."

பொழுது சாயும்வரை கூப்பிட்டாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் வரவுமில்லை. கிண்ணத்தை மதிலோரம் வைத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனியாகத் திரும்பினாள்.

இருட்டுவதற்குள் கின்-சுங் கிண்ணத்தை எடுக்கப் போனான்.

சோறு இல்லை. இறைச்சி இல்லை.

மொறுமொறுவென்ற தோல் மட்டும் கிண்ணத்து ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாய் தின்றிருந்தால் முதலில் அதைத்தான் தின்றிருக்கும்.

அவனுக்குப் பிடிக்குமென்று சின்ன வயதிலிருந்தே அதை அப்படி ஒதுக்கி வைப்பவள் ஒருத்திதான்.