நரம்பின் மறுமுனை

மூன்றாவது தடவையாகக் கழற்றிப் பூட்டிய பிறகும் தூண்டில் ரீல் கரகரத்தது.

தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டரான மரியஜோசப்புக்கு அது மானப் பிரச்சினை. எவ்வளவு பெரிய மெஷினானாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறவன் அவன். உள்ளங்கை அளவு ரீல் ஒன்று நான்கு நாளாக அவனை ஏய்த்துக்கொண்டிருந்தது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, பல்சக்கரங்களில் அப்பியிருந்த கறுத்த கிரீஸைச் சுரண்டி, புதுசு தடவி, தூண்டில் நரம்பு உரசி ஓடும் குட்டி உருளைக்கு எண்ணெயும் விட்டாயிற்று. சும்மா சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாரம் ஏறினால் மட்டும் யாரோ சளி கட்டிய தொண்டையைச் செருமுவதுபோல ஓர் ஈரக் கரகரப்பு.

அதனால் ரீலைத் தூண்டில் கம்பில் மாட்டி, நரம்பின் நுனியை முற்றத்தில் துணி காயப்போடும் கம்பத்தில் கட்டிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிதான். அதற்குள் பெரியாற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி கம்பத்தை விழுங்கியிருந்தது. நரம்பு மட்டும் வெள்ளைக்குள் நீண்டு மறைந்தது.

"ஏங்க, அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுட்டு காப்பியக் குடிங்க." உள்ளேயிருந்து ஜிஸ்மி சொன்னாள்.

"எங்க கோளாறுன்னு தெரியாம எந்திரிக்க மாட்டேன்."

எரிச்சலோடு கைப்பிடியை விட்டான். கரகரப்பு நிற்கவில்லை.

குனிந்து பார்த்தான். நரம்பு சுற்றியிருந்த உருளை தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. விரல் விரலாக நரம்பு வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ஏலே சூசை! கம்பத்துக்கிட்ட விளையாடாதலே!"

"என்னண்ணே?" சூசையப்பனின் குரல் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. "நான் டிவி பார்த்துக்கிட்டிருக்கேன்."

மரியஜோசப் ரீலில் நரம்பை இறுக்கும் திருகை முறுக்கினான். நரம்பு விறைத்தது. கையிலிருந்த கம்பு வளைந்தது. இடப்பக்கம் இருந்த நரம்பு மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. பிறகு திரும்பி வந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை படியேறியது.

சூசையின் பதிலைக் கேட்ட ஜிஸ்மி அரிவாள்மணையோடு ஓடி வந்தாள். "அறுத்து விடுங்க! ஏசுவே, அறுத்து விடுங்க!"

"இரு புள்ள. இப்பத்தான் புடிபடுது." நான்கு நாள் ஆத்திரம் அவன் தோளில் ஏறியிருந்தது. காலைப் படியில் ஊன்றி மூச்சுப் பிடித்துச் சுற்றினான். ரீல் ஓலமிட்டது.

சட்டென்று நரம்பு தளர்ந்தது.

அறுந்துவிட்டது என்றாள் ஜிஸ்மி. அவனுக்குத் தெரியும், அறுந்தால் கம்பு துள்ளும். இது துள்ளவில்லை. மாட்டியது கரையைப் பார்த்து நீந்தி வரும்போதுதான் நரம்பு இப்படித் தொய்யும்.

கை நிற்கவில்லை. பழக்கம். சுற்றியது.

ரீலில் சத்தமே இல்லை. எண்ணெயாக ஓடியது.

நரம்பு தரையிலிருந்து மேலே எழுந்தது. முழங்கால் உயரம். இடுப்பு. நெஞ்சு.

பனி விலகவில்லை. அதன் ஓரம் மட்டும் படிவரை வந்து நின்றது. அவன் முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில், நரம்பின் நுனி தெரிந்தது. அது ஒரு கீழுதட்டுக்குள் போயிருந்தது. வெளுத்து ஊறிய மனித உதடு. அதற்கு மேலே முகம் எதுவும் இல்லை. வெள்ளைதான்.

வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

பின்னால் ஜிஸ்மி வீட்டுக்குள் பின்வாங்கினாள். அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான்.

அவன் கை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.