ஒரு சாண், மூன்று விரல்

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. யார் அளந்து கோடு போடுகிறாரோ, அவர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுத வேண்டும்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் நஞ்சுண்டசாமி அண்ணன் வீட்டுக் கேட். அது நான்கு அங்குலம் குட்டையாகப் போய்விட்டது. “யார் அளந்தது?” என்று கேட்டால், பட்டறையில் இருந்த எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். இன்றைக்கும் அந்தக் கேட்டுக்கு அடியில் தெருநாய் ஜாலியாகப் போய்வருகிறது.

அன்றிலிருந்து கோடு போட்டால் எழுத்தும் போட்டாக வேண்டும். அப்பா பெயர் பாலன், அவர் எழுத்து ‘பா’. நான் ஜீவிதா, என் எழுத்து ‘ஜீ’.

பள்ளிவிட்டு வந்ததும் டேப் பிடித்து அளந்து, சாக்பீஸால் கோடு போடுவது என் வேலை. அதன் பிறகுதான் அப்பா வெல்டிங் செய்வார். இரண்டு வருடமாக இப்படித்தான். எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவில் எத்தனையோ கேட்டுகளில் பெயிண்டுக்கு அடியில் என் ‘ஜீ’ இருக்கிறது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதும்.

போன திங்கட்கிழமை வரைக்கும் போதுமாக இருந்தது.

அன்று மாலை வந்து பார்த்தால் வாசலில் ஒரு பழைய டிரெய்லர் நின்றது. கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் ஏற்றிப்போன டிரெய்லராம். எங்கள் சந்தில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அதன் தளத்தில் நான்கு நீளமான வெள்ளைக் கோடுகள். பக்கத்தில் ‘ம’ என்று ஓர் எழுத்து.

“அப்பா, ‘ம’ யாரு?”

“நான்தான்!” என்று டிரெய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் கையில் என் சாக்பீஸ்.

“இது மனிஷா” என்றார் அப்பா. “ஸ்ரீதேவின்னு ஒரு பொண்ணு ரேஸ் கார் செஞ்சிட்டு இருக்குது. அதோட தங்கச்சி. இந்த அம்மிணிதான் காரை அளந்து குடுத்துச்சு. வேலை சுத்தமா இருக்குது பாரு.”

வேலை சுத்தமா இருக்குதாம்.

விஷயம் இதுதான். ஸ்ரீதேவி அக்கா ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, இரண்டு வருடமாகக் கழற்றி மாட்டி ரேஸ் காராக மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பந்தயம். அந்தக் காரைச் சாலையில் ஓட்டிப்போக அனுமதி கிடையாது. ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டி, அதில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்ப வேண்டும்.

வழியில் திம்பம் மலை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். கார் டிரெய்லரில் கொஞ்சமும் நகரக்கூடாது. அதனால் தளத்தில் நீளமான இரும்புப் பட்டைகளை நிறுத்தி வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் சக்கரம் உட்காரத் தடம் அமைக்கப்போகிறார் அப்பா. அந்தத் தடத்துக்கான கோடுகளைத்தான் மனிஷா போட்டிருந்தாள். திங்கட்கிழமை மதியம் காரைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினார்களாம். நான் அப்போது பள்ளியில் சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன்.

மனிஷாவின் பள்ளிக்கு அந்த வாரம் முழுக்க விடுமுறை. அதனால் தினமும் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

அப்பா அவளை ‘அம்மிணி’ என்று கூப்பிட்டது பரவாயில்லை. அப்பா ராமாபுரத்துக்காரர், அவர் ஊர்ப் பக்கம் எல்லாச் சின்னப் பெண்களும் அம்மிணிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை என்ன சொன்னார் தெரியுமா?

“கண்ணு, அந்த டேப்பை எடு.”

நான் எடுக்கப் போனேன். மனிஷா எடுத்துக் கொடுத்துவிட்டாள். அப்பா அதை வாங்கிக்கொண்டார்!

கண்ணு என்றால் நான். இந்த உலகத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு கண்ணு. அதுவும் போயிற்று.

நான் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய டயர்கள் இருந்தன. ஸ்ரீதேவி அக்காவின் பொருள்களாம், பார்சலில் வந்து இறங்கியவை. இரண்டு இரண்டாகப் படுக்க வைத்திருந்தார்கள். கோபித்துக்கொண்டு உட்கார அதைவிட நல்ல இடம் கிடையாது.

“ஜீவிதா, வா, கொப்பரி மிட்டாய் சாப்பிடு” என்று மனிஷா ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

“எனக்கு வேண்டாம்.”

“நிஜமாவா? ரொம்ப நல்லா இருக்கு.”

எனக்குத் தேங்காய் மிட்டாய் என்றால் உயிர். “எனக்குப் பிடிக்காது” என்றேன். அவள் தின்று முடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமையும் அங்கேயே உட்கார்ந்தேன். அம்மா காபி கொண்டுவந்தபோது, “என்ன, இவ டயர்ல குடியேறிட்டாளா?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம். அப்பா இரும்புப் பட்டைகளைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிஷா கூடவே நடந்தாள். நான் என் டயர் மேல் உட்கார்ந்து, கோபத்தில் அதன் பக்கவாட்டில் சாண் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் சாண் சரியாக ஆறு அங்குலம். அப்பாவே அளந்து சொல்லியிருக்கிறார். டேப் கிடைக்காத நேரத்தில் அதுதான் என் டேப்.

மேல் டயரின் அகலத்தை அளந்தேன். ஒரு சாண். அதற்கு மேலும் மிச்சம் இருந்தது. மூன்று விரல் வைத்தேன். ஒரு சாண், மூன்று விரல். எட்டு அங்குலம்.

நான் டிரெய்லரைப் பார்த்தேன். மனிஷா போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏழு அங்குலம்தான் என்று சற்று முன்புதான் அப்பா சொல்லியிருந்தார்.

எட்டு அங்குல டயர் ஏழு அங்குலத் தடத்தில் எப்படி உட்காரும்?

மெல்ல இறங்கிப் போய், ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

“மனிஷா, நீ அளந்தப்போ கார்ல எந்த டயர் இருந்தது?”

மூன்று நாளில் நான் அவளோடு பேசிய முதல் முழு வாக்கியம் அது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அதுவா? பக்கத்து வீட்டு அங்கிள் கார் டயர், சக்கரத்தோட கடன் வாங்கினது. எங்க சக்கரம் பார்சல்ல வர்ற வரைக்கும் சும்மா மாட்டி வெச்சிருந்தோம். அக்கா அதை நேத்தே திருப்பிக் கொடுத்துட்டா. ஏன்?”

“ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

இரவல் செருப்பைப் போட்டுக்கொண்டு கால் அளவு எடுத்திருக்கிறாள்!

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரொம்ப, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஸ்ரீதேவி அக்கா இந்த டயர்களை மாட்டிக் காரைக் கொண்டுவருவார். அகலமான டயரோடு ஏற்றிப் பார்ப்பார். ஏறாது. “யார் அளந்தது?” என்று கேட்பார்கள். எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். ‘ம’ என்று இருக்கும். அப்போது கண்ணு யார் என்று அப்பாவுக்குத் தெரியும்.

நான் வாயைத் திறக்கவே இல்லை.

அப்பா வெல்டிங் கம்பிகளை எடுக்க உள்ளே போனார். மனிஷா வந்து என் பக்கத்து டயரில் உட்கார்ந்தாள்.

“அங்கிள் நேத்து உன்னோட கேட்டெல்லாம் காட்டினார்” என்றாள்.

“என் கேட்டா?”

“ஆமா. டீ வாங்கப் போறப்போ. ‘இதுக்குள்ள எங்க ஜீவிதா எழுத்து இருக்குது, அதுக்குள்ளேயும் இருக்குது’ன்னு வழியெல்லாம் சொன்னார். எட்டுக் கேட் காட்டினார். ஒன்பதாவதுக்கு நான் போகல. கால் வலிக்குதுன்னு பொய் சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“எரிச்சலா இருந்தது” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்க வீட்ல எல்லாமே அக்காதான். அக்கா கார் பண்றா, அக்கா ரேஸ் ஓட்டுறா, அக்கா ஃபோட்டோ பேப்பர்ல வருது. நான் வெறும் தங்கச்சி. இந்த ஒரு டிரெய்லர்லதான் என் எழுத்து இருக்கு. உனக்கு ஒரு தெருவே இருக்கு.”

மூன்று நாளாக நான் இவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இவளோ என்னைப் பார்த்துப் பட்டிருக்கிறாள். அதுவும் நடந்தே எட்டுக் கேட் தூரத்துக்கு!

அப்பா திரும்பி வந்தார். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதல் பட்டையைக் கோட்டின் மேல் வைத்தார்.

ஒட்டிவிட்டால் பிறகு எல்லாவற்றையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெள்ளி மாலையில் தெரிந்தால் சனி காலைக்குள் முடியாது. ஸ்ரீதேவி அக்காவின் இரண்டு வருடமும் எங்கள் சந்திலேயே நின்றுவிடும். இந்த டிரெய்லரில் இருக்கும் ஒரே ‘ம’ மேல் எல்லோருடைய விரலும் நீளும்.

அதை நினைத்தபோது முன்புபோல் சந்தோஷம் வரவில்லை. வரவைத்துப் பார்த்தேன். வரவில்லை.

“அப்பா!” என்று கத்தினேன். “போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க!”

அப்பா திகைத்துப் போனார். “நீயா சொல்ற? தினமும் ‘எத்தனை டீ குடிப்பீங்க’ன்னு சண்டைக்கு வருவியே?”

“இன்னிக்கு மட்டும் பரவாயில்ல. மெதுவா குடிங்க.”

அப்பா என்னைப் பார்த்தார், மனிஷாவைப் பார்த்தார். டீ என்றதும் வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நான் மனிஷாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “எழுந்திரு. நீ எது மேல உட்கார்ந்திருக்கன்னு தெரியுமா?”

பிளாஸ்டிக்கைக் கிழித்தோம். புத்தம்புது டயர் பளபளவென்று எட்டிப் பார்த்தது. மனிஷா டேப்பை வைத்து அளந்தாள். எட்டு. மறுபடி அளந்தாள். அப்போதும் எட்டு.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “அய்யோ! நான் ஆறுன்னு சொல்லிட்டேனே! ரெண்டு பக்கமும் அரை இன்ச் விட்டு ஏழு. இப்ப என்ன பண்றது? அக்கா என்னைக் கொன்னுடுவா.”

“இன்னும் வெல்டிங் ஆகல. வெறும் சாக்பீஸ்தானே? அழிச்சிட்டுப் போடலாம், வா.”

அவள் துப்பட்டாவாலேயே பழைய கோட்டைத் துடைத்தாள். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள். டயர் எட்டு, இரண்டு பக்கமும் அரை அரை. மொத்தம் ஒன்பது. இடது பக்கம் இரண்டு கோடு, வலது பக்கம் இரண்டு கோடு.

மனிஷா சாக்பீஸை என்னிடம் நீட்டினாள். “நீ எழுது. நீதானே கண்டுபிடிச்ச.”

எனக்கு ஆசைதான். ஆனால் டேப்புக்கு இரண்டு முனை இருந்ததே. சட்டம் என்றால் சட்டம்தான். நான் ‘ஜீ’ என்று எழுதிவிட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் பக்கத்தில் ‘ம’ என்று எழுதினாள்.

என் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகத்தான் எழுதினேன்.

அப்பா வந்தார். முதலில் கிழிந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். பிறகு மனிஷாவின் வெள்ளையாகிப்போன துப்பட்டாவைப் பார்த்தார்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் மனிஷாவே முன்னால் போனாள்.

“அங்கிள், நான் தப்பா அளந்துட்டேன். கடன் வாங்கின டயரை அளந்துட்டேன். ஜீவிதாதான் பார்த்துச் சொன்னா.”

அப்பா டயர் அருகே குந்தி உட்கார்ந்து, தன் கையால் அகலத்தைத் தடவிப் பார்த்தார்.

“மூணு நாளா இந்தப் பார்சல் என் கண்ணு முன்னாடிதான் கிடக்குது” என்றார். “பிரிச்சுப் பார்க்கணும்னு எனக்குத் தோணலையே. சாக்பீஸைக் குடு.”

வாங்கி, அழித்த பழைய கோட்டின் தடத்துக்குப் பக்கத்தில், தெளிவாக ‘பா’ என்று எழுதினார். அவரைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே வெல்டிங் கண்ணாடியை இறக்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் டயர்களை எடுத்துப்போய் மாட்டிய ஸ்ரீதேவி அக்கா, மாலையில் காரோடு வந்தார். சிவப்புக் கார், கறுப்புச் சக்கரங்கள். சந்தே கூடிவிட்டது. ஓர் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து தள்ள, கார் சாய்வுப் பலகையில் ஏறியது. நான்கு சக்கரங்களும் தடத்தில் இறங்கி அழகாக உட்கார்ந்தன. இரண்டு பக்கமும் அரை அங்குலம்.

அக்கா காரை உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

“எவ்வளவு கரெக்டா இருக்கு! யார் அளந்தது?”

மனிஷா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“ரெண்டு பேரும்” என்றார் அப்பா. “சரி, பின்னால கொக்கி மாட்ட ஒரு கோடு போடோணும். கண்ணு, அந்த சாக்பீஸை எடு.”

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக ஓடினோம்.

நான்தான் முதலில் எடுத்தேன்.