பெட்டியை மூடுமுன் ஒரு பார்வை

பயம் ஒரு தொற்றுநோய். மனித குலத்தில் அது தொற்றாமல் தப்பிய ஒரே ஆள் அன்புராஜ். இதற்கு அசைக்க முடியாத ஆதாரம் இருக்கிறது. அன்புராஜே பலமுறை சொல்லியிருக்கிறான்.

பி.பார்ம் முடித்துவிட்டு சோழவரத்தில் ஒரு மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை கிழித்துக் கொடுத்தவன், இப்போது காக்களூரில் ஒரு ஸ்பெஷாலிட்டி பார்மசியில் பயிற்சியில் இருக்கிறான். அங்கே மருந்து என்பது கல்லாவுக்குப் பின்னால் தூசியோடு கிடப்பதல்ல. பிரிட்ஜில் பிறந்து பிரிட்ஜிலேயே வளரும் ஊசிகள். சூடு பட்டால் வீண், உறைந்துபோனாலும் வீண். நோயாளியின் வீடுவரை கொண்டுபோய், போட்டுக்கொள்ளவும் சொல்லித்தர வேண்டும். பெட்டி கட்டும்போது ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. மூடுவதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் மூடி. இது பயிற்சி தரும் கல்பனா மேடத்தின் சட்டம்.

அன்புராஜ் இதற்குப் பொண்ணு பார்க்கிற சடங்கு என்று பெயர் வைத்திருந்தான். கூடப் பயிற்சி எடுக்கும் ரகு ஒவ்வொரு பெட்டிக்கும் யாரையாவது கூப்பிடுவதைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு தாங்காது. “எனக்கு ரெண்டு கண்ணு கீது. அடுத்தவன் கண்ண இரவல் கேக்கறவன் பயந்தாங்கொள்ளி” என்பான்.

அந்த வாரம் கவரப்பேட்டைப் பக்கம் ஒரு நோயாளிக்கு முதல் ஊசி கொண்டுபோகும் வேலை அவனுக்கு வந்தது. மேடம் போனில் இருந்த நேரம் பார்த்து, தானே கட்டி, தானே பார்த்து, தனக்குத்தானே சரி சொல்லிக்கொண்டு பைக்கில் கிளம்பினான்.

பெரியபாளையத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி, பெஞ்சில் காலியாக இருந்த ஒரே இடத்தில் பெட்டியை உட்காரவைத்தான். கோயிலுக்கு வந்த கூட்டம் வேப்பிலையும் குங்குமமுமாக உள்ளே நெருக்கியடித்தது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்து எதிரில் நின்றாள். இமையில் மழைத்துளி... அந்தத் துளிக்குக் கீழே, எதையோ பார்த்துப் பயந்து இன்னும் அந்தப் பயத்திலிருந்து திரும்பி வராத இரண்டு கண்கள்.

“அந்தப் பெட்டிய கொஞ்சம் எடுக்கறீங்களா?”

“முடியாதுங்க. அது குலுங்கக் கூடாது.”

“பெட்டி உக்காரும், நான் மழைல கரையணுமா?”

அவளே பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “இப்ப குலுங்காது பாருங்க.”

சண்டை போடத்தான் அவன் வாயைத் திறந்தான். ஆனால் பார்த்துவிட்டான்... அவள் பெட்டியை விரலால் பிடிக்கவில்லை. உள்ளங்கைகளால் ஏந்தியிருந்தாள். விரல்கள் பாதி மடங்கி, அதற்குமேல் போகாமல் நின்றன.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று நோயாளிக்கு போன் போட்டான், வழி கேட்க. மணி பக்கத்திலேயே அடித்தது. அவள் பைக்குள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மடில வெச்சுக்கினு இருக்கீங்களே...” என்றான் மெதுவாக. “அது உங்களுதுதான்.”

அவள் உதட்டில் இருந்த குறும்பு அப்படியே அணைந்தது. பெட்டிக்குள் ஏதோ உயிரோடு இருப்பதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் பெயர் இளமதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்புகிற வேலை. காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. முடக்குவாதம், இந்த வயதிலேயே. இந்த ஊசியைத் தானே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தூக்கம் இல்லை. கொஞ்சம் தைரியம் கொடு என்று அம்மனிடம் கேட்கத்தான் இன்று வந்தாளாம். அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மழை விடும்வரை இதையெல்லாம் அவனிடம் சொன்னாள். அவன் ஏன் அவ்வளவு கவனமாகக் கேட்டான் என்பது அவனுக்கே புரியவில்லை.

வீட்டில் அவள் அம்மா குப்பம்மாள் நிலைப்படியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அன்புராஜ் பெட்டியைத் திறந்தான். ஐஸ் பேக்கில் ஒட்டியிருந்த மருந்து லேசான சத்தத்தோடு பெயர்ந்து வந்தது. நல்ல ஜில்லு என்று தன்னையே மெச்சிக்கொண்டு பிரிட்ஜில் வைத்தான். எங்கே துடைப்பது, எப்படிக் கிள்ளிப் பிடிப்பது, எப்போது அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்து, அவளைத் திருப்பிச் சொல்லவைத்தான். நடுங்கும் குரலில் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். நாளைக் காலை வேலைக்குப் போகுமுன் போட்டுக்கொள்வது என்று முடிவானது.

“உங்களுக்கு பயமே வராதா சார்?”

“அது எங்க பரம்பரைலயே இல்லீங்க.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை ஒரு குலுக்கலும் இல்லாமல் காக்களூர் வரை கொண்டுபோனான்.

மறுநாள் காலை, பெட்டி கட்டும் மேஜையில், நேற்று அவன் நின்ற இடத்தில் ஓர் அட்டைத் தடுப்பு கிடந்தது.

பார்த்ததும் ரகுவின் ஞாபகமறதி என்றுதான் நினைத்தான். பிறகு, நேற்று பெயர்ந்து வந்த அந்தச் சத்தம் காதில் கேட்டது.

பயம் அவனுக்கும் தொற்றிவிட்டது. இதுவரை தொற்றாத நோய் என்பதால் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. ஒரே நொடியில் பரவிவிட்டது. உறைந்து இளகிய மருந்து பார்க்க அப்படியேதான் இருக்கும். உடம்புக்குள் போய் வேலை மட்டும் செய்யாது. அவள் துணிந்து போட்டுக்கொள்வாள். விரல் மடங்காது. மருந்து கேட்கவில்லை என்பார்கள். அந்தக் கண்களில் இன்னும் கொஞ்சம் பயம் சேரும்... யாருக்கும், எந்தக் காலத்திலும், காரணம் தெரியப்போவதில்லை. வாயைத் திறந்தால் பயிற்சி போகலாம், வேலை போகலாம். திறக்காவிட்டால் எதுவும் போகாது, அவனுடையது.

அட்டையை எடுத்துக்கொண்டு போய் கல்பனா மேடத்தின் எதிரில் நின்றான். “நேத்து நான் யாருக்கும் காட்டல மேடம். இத வைக்கவும் இல்ல.”

மேடத்தின் முகம் வெளுத்தது. “அந்தப் பொண்ணு போட்டுக்கிச்சா?”

“தெரியல மேடம்.”

“அப்ப எதுக்கு இங்க நிக்கற? போன் பண்ணு. திட்டறத அப்புறம் திட்டறேன்.”

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். போட்டிருப்பாளோ... போட்டுவிட்டு, ஒரு பாரம் இறங்கியதென்று சிரித்துக்கொண்டிருப்பாளோ...

“சார்.” மூச்சு மட்டும் கேட்டது முதலில். “அம்மா ஸ்பீக்கர் போட்டுக்கினு நிக்குது. தொடச்சுட்டேன். கிள்ளிப் புடிச்சுக்கினு ரொம்ப நேரமா உக்காந்துகினு இருக்கேன்... அமுத்த வரல. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அமுத்திடறேன்.”

“வேணாம். கீழ வெச்சிடுங்க.” அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. “அந்த மருந்து ஒறஞ்சிருக்கும். போட்டா கேக்காது. தப்பு என்னுது. உங்க ஒடம்பு மேல எதுவும் இல்ல. என்னுதுதான்.”

ஊசியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

“பயம் பரம்பரைலயே இல்லன்னீங்க” என்றாள். போன் அணைந்தது.

மேடம் சொன்னபடியே திட்டினார். பயிற்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டும், தனியாக எங்கும் போகக் கூடாது என்றார். அன்புராஜ் தலையாட்டினான், பிறகு தன் பங்குக்கும் ஒன்று கேட்டுக்கொண்டான். புதுப் பெட்டியை மேடமே கட்டினார். ரகு பைக் ஓட்ட, அன்புராஜ் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு போனான்.

ரகு வீட்டுக்குள் போனான். அன்புராஜ் தெருவிலேயே பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பைக்குக்கு ஸ்டாண்டு இருந்தது. அவனுக்குத்தான் ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்தில் அவன் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டான்.

கதவு திறந்து அவளே வந்தாள்.

“போட்டுக்கினேன்.”

“வலிச்சுதா?”

“எறும்பு கடிச்சாப்பல. நீங்க ஏன் உள்ள வரல? நான் கத்துவேன்னு பயமா?”

“இனிமே உங்களுக்கு எல்லாம் ரகுதான். நானே மேடம்கிட்ட கேட்டு மாத்திக்கினேன்.”

அவள் முகம் வாடியது. “நேத்து தப்பு பண்ணதுக்கா?”

“அது ஒன்னு.”

“இன்னொன்னு இன்னா?”

அவன் ஒரு துணியால் பைக்கின் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். “காலைல நீங்க போன் எடுக்கறதுக்குள்ள நான் செத்தேங்க. எத்தினியோ பேருக்கு மருந்து குடுத்திருக்கேன், இப்டி ஆனதே இல்ல. உங்க பேர் எழுதின பெட்டியத் தொட்டாலே கை நடுங்குது.” மூச்சை இழுத்துக்கொண்டான். “நடுங்கற கையால உங்களுக்கு மருந்து கட்டக் கூடாது. அதான்.”

இளமதி மடங்காத விரல்களால் அவன் கையிலிருந்த துணியை வாங்கி, ஸீட்டின் மேல் போட்டாள்.

“நீங்க சொல்லாம உட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. என் ஒடம்பத்தான் திட்டிக்கினு இருந்திருப்பேன்.” கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். “நடுங்கற கைக்கு ஒன்னும் வேல இல்லன்னு யார் சொன்னது... ஞாயித்துக்கெழம நான் கோயிலுக்குப் போவேன். வரணும்னு தோணுச்சுன்னா வாங்க, அன்பு.”

அந்த ‘சார்’ எங்கோ உதிர்ந்துபோயிருந்தது. திரும்பி வரும்போது ரகு ஏதேதோ கேட்டான். அன்புராஜுக்கு எதுவுமே காதில் விழவில்லை.

அடுத்த நாள் காக்களூரில் யாரோ முகம் தெரியாத ஒரு பெரியவருக்கான பெட்டி. அன்புராஜ் மருந்தை வைத்தான், தடுப்பை வைத்தான், ஐஸ் பேக்கை வைத்தான். எல்லாம் சரியாகவே இருந்தது. மூடியை எடுத்த கை பாதியில் நின்றது. அந்தப் பெரியவர் இப்போது எந்த வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ...

மூடியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த மேஜைக்குப் போய் ரகுவின் சட்டைக் கையை மெல்ல இழுத்தான்.

“கொஞ்சம் பாருடா.”