மணி கட்டிய சாவி

அன்று காலையிலிருந்தே வெற்றிவேலின் இடுப்பில் மணிச்சத்தம் கேட்கவில்லை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய புல்வெட்டும் மோவருக்கு அடியில் நுழைகிற ஆளின் அரைஞாண்கயிற்றில்தான், வேறு யாரும் வண்டியைக் கிளப்பிவிடாதபடி, டிராக்டர் சாவி தொங்க வேண்டும். அது அவன் மனைவி சரிதா போட்ட சட்டம். மகளின் பழைய கொலுசிலிருந்து ஒரு மணியைப் பிடுங்கிச் சாவியில் கோத்தவளும் அவள்தான். சலங்கை கட்டின மாடு வருது என்று தெருவே கேலி செய்தது. அவனுக்கோ உள்ளூரப் பெருமை.

"மணி அறுந்துபோச்சுங்க. சாயங்காலம் கோத்துத் தரேன்." காலையில் சாவியை ஊக்கில் போட்டு அவன் கயிற்றில் மாட்டியபோது சரிதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைச்சாவடியில், அப்பா விட்டுப்போன சவுக்குத்தோப்பில் புல் இடுப்பளவு மண்டிக் கிடந்தது. தோப்பை விற்கச் சொல்லிச் சரிதாவும் அவள் தம்பி தணிகாசலமும் வருடக்கணக்காக நச்சரித்தார்கள். அவன் மசியவில்லை. போன வாரம் இருவரும் அந்தப் பேச்சை அடியோடு விட்டுவிட்டார்கள். இன்று தணிகாசலமே தோப்பைச் சுத்தம் செய்யக் கூட வந்திருக்கிறான். வெற்றிவேல் அதைப் பாசம் என்றே நம்பினான், பாவம்.

பொழுது சாய்கிற நேரத்தில் மோவர் திணறி நின்றது. புல்லுக்குள் கிடந்த மீன்வலை ஒன்று, சுழல்கிற உருளையையும் அதில் தொங்கும் இரும்புக் கத்திகளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டுவிட்டது. மோவரைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவி இடுப்பில் மாட்டிக்கொண்டான். கட்டைகளை அண்டக் கொடுத்தான்.

"போங்க மாமா. நான் இங்கதான் இருக்கேன்."

மல்லாந்து உள்ளே நகர்ந்தபோது நசுங்கின பச்சைப் புல்லின் வாடையும் சூடான கிரீஸ் வாடையும் மூக்கை அடைத்தன. சவுக்கு இலைகள் ஓயாமல் இரைந்தன, அதற்கும் அப்பால் கடல் இரைந்தது, தலைக்கு மேல் ஆறிக்கொண்டிருந்த இரும்பு அவ்வப்போது டிக், டிக்கென்று சொடுக்கியது. பேனாக்கத்தியால் வலையை அறுக்க ஆரம்பித்தான். வலையில் மீன் வாடையே இல்லை. கடலையே பார்க்காத புது வலை. அதன் ஒரு முனை, தரையில் அடித்த முளைக்குச்சியில் இறுகக் கட்டியிருந்தது.

"தணிகா, இது புது வலைடா. யார்ரா இங்க கட்னது?"



வெளியே வரப் பார்த்தான். வலது மணிக்கட்டு வலைக்கண்ணில் சிக்கியிருந்தது. இழுக்க இழுக்க வலையின் நைலான் நரம்பு சதைக்குள் இறங்கியது. கத்தி கைநழுவி எங்கோ விழுந்தது. பயப்படாதே, சாவி உன்னிடம்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இடது கையால் இடுப்பைத் தடவினான்.

இருந்தது. ஆனால் அவன் சாவி தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். காலையிலிருந்து கவனிக்காத இதன் பல் விரலைக் கீறியது.

புதுச் சாவி.

சரிதா மாட்டிவிட்ட சாவி.

நெஞ்சுக்குள் ஏதோ இற்று விழுந்தது. பயத்தைவிட அதுதான் அதிகமாக வலித்தது. அவளா? அவளுமா?

டிராக்டர் சீட்டின் ஸ்பிரிங் முனகியது. யாரோ ஏறி உட்கார்ந்தார்கள்.

"தணிகா... டேய், நான் உள்ள இருக்கேன்டா!"

மோவரை ஓடவிடும் லிவர் விழுந்தது. டக்.

பிறகு மேலே, ஸ்டியரிங் பக்கம், மகளின் கொலுசு மணி கிணுங்கியது.

இன்ஜின் ஒருமுறை இருமியது. அவன் முகத்துக்கு ஒரு சாண் மேலே, கத்திகள் மெல்ல அசைந்தன.