உதட்டுப் பேச்சு

மேஸ்திரியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள் மூத்த மகள். ஒரு காலத்தில் இந்த வாசலில் அவர் கனைத்தால் மில்லே வாயை மூடும். இப்போது ஒன்றுக்குப் போகவும் மகள் தயவு வேண்டும். ஆனாலும் அதிகாரம் மட்டும் குறையவில்லை.

"மெதுவாத் தள்ளு. நான் என்ன மூட்டையா?"

பழைய நெசவு மில் இப்போது கலை மையம். வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, சாயப்பட்டறையை ஓவிய வகுப்பாக்கி, தறிக் கூடத்தில் நடனம் சொல்லிக் கொடுத்தார்கள். மில் ஆட்களில் மிஞ்சியிருக்கும் ஒரே மேஸ்திரி என்று அன்றைக்கு அவருக்குப் பாராட்டுக் கூட்டம். பாராட்டாம்! அவளுக்கு வயிறு எரிந்தது. அதே தறியில் நின்று நின்று காதைத் தொலைத்தவள் அவள். அவளை ஒருத்தரும் கூப்பிடவில்லை. நாற்காலி தள்ள ஆள் வேண்டுமே, அதற்காக வந்தாள்.

தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லில் எல்லோருக்கும் உதட்டுப் பேச்சுதான். சத்தமே வராமல் உதட்டை அசைத்தால் நாலு தறி தள்ளி நிற்பவள் பதில் சொல்வாள். புருஷன் சண்டையிலிருந்து சினிமாக் கதை வரை அப்படியே ஓடும். அதில் ஒரு சிக்கல் உண்டு. 'அம்மா'வும் 'அப்பா'வும் உதட்டில் ஒன்றுதான், நீங்களே சொல்லிப் பாருங்கள். அதனால் அம்மா என்றால் வயிற்றைத் தொட வேண்டும், அப்பா என்றால் மீசை இருக்கும் இடத்தை. புதிதாக வந்தவர்கள் அதை மறந்துவிட்டு மாட்டிக்கொண்டு முழிப்பார்கள்.

அவளும் தங்கையும் இங்கேதான் எதிரெதிர் தறியில் நின்றார்கள். தங்கைக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் இரவு வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. "லாரிக்காரன் ஒருத்தனோட ஓடிட்டா" என்று அப்பா வந்து சொன்னார். அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் "ஓடிப்போனவளோட அக்காவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அம்மா தெருவில் தலைகாட்ட முடியாமல் படுத்து, படுத்தபடியே போய்ச் சேர்ந்தாள். மூத்தவள் கன்னி கழியாமல் அப்பாவுக்குச் சோறாக்கிப் போட்டாள். நாசமாப் போடி என்று தங்கையைத் திட்டாத நாளில்லை.

"உக்காந்திருங்கம்மா, ஆளுங்க வந்துடுவாங்க" என்று மையத்தை நடத்துகிற பெண் சைகையோடு சொல்லிவிட்டு வெளியே போனாள்.

தறிக் கூடம் காலி. சாயங்கால வெயில் உயரத்து ஜன்னல்களில் சிவந்து கிடந்தது. தரை முழுக்கப் புதுப் பலகை. ஒரு பக்கச் சுவர் நெடுகக் கண்ணாடி. புது வண்ணத்தின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை மெல்ல ஏறி வந்தது. எந்திர எண்ணெய். சூடான பஞ்சு.

நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்தினாள். கண்ணாடியில் அப்பா தெரிந்தார். அவள் தெரிந்தாள்.

அவள் பக்கத்தில் இன்னொருத்தி நின்றாள்.

சட்டென்று திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி, பத்தொன்பது வயது மாறாத முகம். இடுப்புக்குக் கீழே நாற்காலி மறைத்திருந்தது. உதடு அசைந்தது.

'அக்கா.'

அவள் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

'அம்மா' என்றது உதடு.

பாவி மகளே, இவ்வளவு நாள் கழித்தா அம்மாவைக் கேட்கிறாய்? சத்தமில்லாமல் சொன்னாள்: 'அம்மா போய்ட்டாடி. உன்னை நெனச்சே போய்ட்டா.'

அந்த முகம் இல்லை என்று தலையை ஆட்டியது. திரும்பவும் அதே சொல். திரும்பவும். நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு கை மெதுவாக மேலே வந்தது. நகமெல்லாம் பிய்ந்திருந்தது.

விரல் வயிற்றுக்குப் போகவில்லை.

மேலுதட்டைத் தொட்டது.

அவள் குனிந்து அப்பாவைப் பார்த்தாள். அவரும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பொட்டு ரத்தமில்லை. அவர் உதடுகள் அசைந்தன. அது மகளுக்குச் சொன்ன பதில் இல்லை. கண்ணாடிக்குச் சொன்னது.

'ஒரு ராத்திரி கழிவுப்பஞ்சு ரூம்ல அடைச்சு வெச்சா புத்தி வரும்னு பாத்தேன். காலையில தொறந்தா மூச்சில்ல. நான் என்ன பண்ண? குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கில்ல. சொவரு வெச்சு மூடிட்டேன்.'

'எங்கேப்பா?' அவள் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

அவர் காலால் பலகையைத் தட்டினார். கீழே. கூடத்துக்கு அடியில் பஞ்சு கொட்டி வைத்த பழைய நிலவறை.

கதவு திறந்தது. ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கண்ணாடியில் இப்போது இரண்டே பேர்.

கூட்டம் தொடங்கியது. மைக்கை அவர் வாயருகே பிடித்தார்கள். "என் காலத்துல இந்த மில்லுல..." என்று கனத்த குரலில் ஆரம்பித்தார் மேஸ்திரி. பாதியில் குரல் அறுந்தது. வாய் மட்டும் அசைந்தது.

"பாவம், பெரியவரு உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டாதவள் அவள் ஒருத்திதான். அந்த வாய் சொன்னதை அவள் படித்தாள்.

'நான் ஓடலக்கா. ஓடவே இல்ல.'

சொல்லிப் பார்த்தாள், சொல்லாமல் இல்லை. பலகையைப் பெயர்த்துப் பாருங்கள் என்று மையத்தை நடத்துகிற பெண்ணின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "தண்ணி குடிங்கம்மா, அலைச்சல்ல வந்திருக்கீங்க" என்றாள் அந்தப் பெண். காவல் நிலையத்தில் "யார் சொன்னது?" என்று கேட்டார்கள். "உதட்டைப் பார்த்தேன்" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். காது கேட்காத கிழவி, அப்பன் மேலே பழி போடுகிறாள். எவன் நம்புவான்? அந்தப் பலகை மேலே பிள்ளைகள் இன்றைக்கும் குதித்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

மேஸ்திரிக்குக் குரல் திரும்பவில்லை. பக்கவாதம் என்றார் டாக்டர். கண் மட்டும் உருண்டுகொண்டே இருக்கிறது. வாய் ஓய்வதில்லை.

மூத்தவள் தினமும் அந்த வாய்க்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். விட்ட கதையெல்லாம் பேச வேண்டியிருக்கிறது. தெருக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "அப்பாவை என்னமாப் பாத்துக்கறா, பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நேற்று பால் ஊட்டும்போது, 'சூடா இருக்குக்கா' என்றன உதடுகள்.

ஆற்றினாள். டம்ளரை நீட்டிக்கொண்டே, இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

'அப்பா எங்கேடி?'

நரைத்த மீசைக்குக் கீழே அந்த வாய் நிதானமாக ஒரு மிடறு விழுங்கியது. மேலே கண்கள் பிதுங்கி, அவளை விடாமல் பார்த்து, கண்ணீராய் வழிந்தன.

'உள்ளதான்க்கா இருக்காரு. ஓயாம கத்துறாரு. யாருக்குக் கேக்கப் போகுது?'