இடப்பக்கப் பின்கதவு

இலங்கைத் தீவில், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் எந்த உறுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே அடையாளம் சொல்லக்கூடிய மனிதன் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வானொலியில் வாசிக்கும் வானிலை அறிக்கையைப்போல எடுத்துக்கொண்டால் போதும்.

இந்த அறிவைக் கம்பஸ் படிப்பு எனக்குத் தரவில்லை. ஒரு பழைய சினிமாப் படம் தந்தது. அந்தப் படத்தில் கதாநாயகனைவிட நன்றாக நடித்தது அவனுடைய கார்தான். பால் நிறம், இடுப்பில் ஒரு சிவப்புக் கோடு, முன்னால் இரட்டை மஞ்சள் விளக்கு, குயில்போலக் கூவும் ஹோர்ன். நானும் மாமாவின் மகள் நிருஷாவும் அந்தப் படத்தின் சீடி தேயும்வரை பார்த்தோம். அவளுடைய தொல்லை தாங்காமல் மாமா நல்லரத்தினம், வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்த தன்னுடைய மொரிஸ் ஒக்ஸ்போர்டை அந்தக் கார்போலவே மாற்றினார். படத்தில் ஓடியது அம்பாசடர். ஒக்ஸ்போர்ட் அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆறு வயது நிருஷா அதைப் பெரிய மனதோடு மன்னித்தாள்.

மாமா செய்த மாற்றம் ஒன்று மட்டும் படத்தில் இல்லை. தாயில்லாத பிள்ளையை ஹயர் போகும் இடமெல்லாம் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு திரிந்தவர் அவர். ஓடும்போது திறந்துவிடுவாளென்ற பயத்தில், இடப்பக்கப் பின்கதவின் உள்கைபிடியைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையை வட்டமாக வெட்டிய தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் அடைத்துவிட்டார். வலப்பக்கக் கதவு முன்பே இறுகிப்போனது. நிருஷாவுக்கு இறங்க வேண்டுமென்றால் வளையலால் கண்ணாடியில் தட்டுவாள். மாமா சுற்றி வந்து, மந்திரிக்குத் திறப்பதுபோல வெளியிலிருந்து திறந்து, ஒதுங்கி நிற்பார்.

சுனாமியன்று காலை கல்லடிக் கடற்கரையில், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைக் காரில் விட்டுவிட்டு மீன் வாங்க இறங்கினார். அலை தூக்கியெறிந்த தென்னையில் தொங்கியபடி, பால் நிறக் கூரையொன்று கடற்கரைக்குப் பின்னாலிருந்த வாவிப் பக்கமாகச் சுழன்று போவதைப் பார்த்தார். கார் கிடைக்கவில்லை. பிள்ளையும் கிடைக்கவில்லை.

வாகரைப் பக்கம் யாரோ ஒரு சின்னப்பிள்ளையைத் தோணியில் ஏற்றிப் போனார்கள் என்று ஒரு கதை வந்தது. பிறகு சண்டை வந்து வாகரையே இடம்பெயர்ந்தது. சண்டை முடிந்த வருடம், சனம் ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கியபோது, ஏறாவூரில் செத்துக் கிடந்த ஒரு ஒக்ஸ்போர்டை மாமா கட்டியிழுத்து வந்தார்.

“பேரை மறந்திருப்பாள். என்ட முகத்தையும் மறந்திருப்பாள். அந்தக் காரை மறக்கமாட்டாள் மருமகன். ஊர் ஊரா ஓட்டிக்கொண்டு போவம். ஒரு சாமான் பிழைச்சாலும், இது நம்மட கார் இல்லையெண்டு வீட்டுக்குள்ள போயிருவாள்.”

ஆகவே சீடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த விளக்கு, எந்த வளையம், எந்தக் கிறில் என்று சொல்வது என் வேலையானது. தேசியப் பணி என்றே அதைக் கருதினேன்.

மாமாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருடைய வாகனத்தில் போய் இறங்கினாலும், சுற்றிப்போய் இடப்பக்கப் பின்கதவைத் திறப்பார். சற்று ஒதுங்கி நிற்பார். பிறகு மெதுவாகச் சாத்துவார். பின்சீற்றில் ஒரு ஈகூட இருக்காது.

“மாமா, பஸ்ஸில போனா என்ன செய்வீங்க? கொண்டக்டர் விடுவானா?”

“உனக்குச் சிரிப்பு வருது. சிரி.”

நான் கம்பஸில் அதை நடித்துக் காட்டுவேன். கதவே இல்லாத முச்சக்கரவண்டிக்குக் கதவு திறந்து, ஒதுங்கி நின்று, தலை வணங்குவேன். கன்ரீனே சிரிக்கும்.

எல்லாம் கிடைத்தது. இடப்பக்கப் பின்கதவு மட்டும் கிடைக்கவில்லை. ஏறாவூர்க் காரில் அது துருப்பிடித்து வடிகட்டிபோல் இருந்தது. ஓட்டமாவடியில் பழைய இரும்பு வாங்கும் உசனார் காக்கா ஆளனுப்பினார். நல்ல வெயில் நேரம் போய்ச் சேர்ந்தோம்.

“வாங்க நல்லரத்தினம். உங்களுக்கெண்டே ஒரு கதவு வந்திரிக்கி. வாவிக்குள்ள வலையில மாட்டி, தோணிக்காரனுகள் இழுத்துப் போட்டது. மத்ததெல்லாம் சேத்துக்குள்ள போயிட்டாம். கண்ணாடிகூட உடையல்ல பாருங்க.”

தகரக் கூரைக்குக் கீழே அது தனியாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உச்சி வெயிலில் சுற்றியிருந்த இரும்பெல்லாம் கொதித்தது. அந்தக் கதவடியில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. வாவிச் சேற்றின் மணம், கண்டல் வேர் அழுகும் மணம்.

“கண்ணை மூடிக்கொண்டு சொல்றன் பாருங்க, உசனார் காக்கா.”

மூடினேன். கீல் சரி. விளிம்பின் வளைவு சரி. வெளிக்கைபிடி சரி. கையை உட்பக்கம் கொண்டுபோனேன். கைபிடி இருக்க வேண்டிய இடத்தில் விரல் வழவழப்பான வட்டமொன்றில் முட்டியது.

சிரட்டை.

கண்ணைத் திறந்தேன்.

கண்ணாடியின் உட்பக்கத்தில், கீழ் ஓரமாக, மெல்லிய வளைந்த கீறல்கள். வளையல் தட்டிய கீறல்கள். அவை எனக்குத் தெரிந்தவைதான்.

அவற்றுக்கு மேலேயும் கீறல்கள் இருந்தன.

அதற்கும் மேலே.

மேலே போகப் போக ஆழமாக, நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. கடைசிக் கீறல்கள் கண்ணாடியின் உச்சியில், கூரையைத் தொடும் இடத்தில் இருந்தன. தண்ணீர் ஏற ஏற, காற்று எந்த இடத்தில் மிஞ்சுமோ அந்த இடத்தில்.

“இது சரிவராது மாமா,” என்றேன். “இது வேற மொடல்.”

மாமா கிட்ட வந்தார். உள்ளங்கையைக் கண்ணாடியின் கீழே வைத்தார். மெல்ல மேலே கொண்டுபோனார். உச்சியில் கை நின்றது. வெகுநேரம் நின்றது.

“சரியான சாமான் இதுதான்,” என்றார். “ஏத்து.”

கதவு ஒரு சுத்தியல் அடிகூட இல்லாமல் பொருந்திக்கொண்டது. அன்றிலிருந்து மாமா கதவு திறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டார். காரை நிறுத்துவார், இறங்குவார், திரும்பிப் பாராமல் போய்விடுவார். எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

காலையில் பின்சீற்றைத் தொட்டால் ஈரமாக இருக்கும். மழைக்காலம் என்று சொல்லிக்கொண்டேன். மழை இன்னும் தொடங்கவில்லை.

முதற் பயணம் வாகரை வீதியில். ஒவ்வொரு ஊரிலும் மாமா ஹோர்ன் அடித்தார். குயில் கூவியது. தறப்பாள் வீடுகளிலிருந்து சனம் எட்டிப் பார்த்தது. உயிரோடிருந்தால் நிருஷாவுக்கும் இருக்கும் பதினொரு வயதில் பெண்பிள்ளைகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஒவ்வொருத்தியின் முகத்திலும் மாமாவின் கண் போய் முட்டித் திரும்பியதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மாங்கேணியில் நிறுத்தினோம். பிள்ளைகள் ஓடிவந்து காரைச் சூழ்ந்தார்கள். வலப்பக்கம் நெருங்கி நின்றார்கள். இடப்பக்கப் பின்கதவுக்கு மட்டும் இடைவெளி விட்டு நின்றார்கள்.

மூக்கு வடிந்த ஒரு சிறுமி என் ஜன்னலுக்கு வந்தாள்.

“அந்த அக்காவ ஏன் இறக்கிவிடாம வெச்சிரிக்கீங்க?”

“எந்த அக்கா?”

அவள் பின்சீற்றைக் காட்டினாள். “தட்டிக்கொண்டே இரிக்கா.”

டிங்.

கண்ணாடியில் வளையல்.

டிங். டிங்.

பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“மாமா. உங்களுக்குக் கேக்குதா?”

“இந்தக் கதவைக் காரில பூட்டின நாளிலிருந்து கேக்குது.”

“பிறகேன் திறக்கல்ல?”

“திறந்தா அவள் இறங்கிருவாள்.” அவருடைய குரல் காற்றாகத்தான் வந்தது. “இறங்கினா, இதுதான் அவள் எண்டு ஆகும். பிறகு நான் யாரத் தேடிப் போற? திறக்காத மருமகன். உன்னைக் கும்பிடுறன்.”

தட்டல் மேலே ஏறியது. கண்ணாடியின் நடுவில் கேட்டது. பிறகு அதற்கு மேலே. வேகமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் இறங்கினேன். சுற்றிப்போனேன். கைபிடி பனிக்கட்டிபோலக் குளிர்ந்தது.

திறந்தேன்.

முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் கொட்டியது. கறுத்த தண்ணீர், சேறும் பாசியும். என் கால்களை நனைத்து, வெடித்த வீதியில் ஓடி, மண்ணில் இறங்கியது. பின்சீற்றில் யாரும் இல்லை. தட்டலும் இல்லை.

மாமா நெற்றியை ஹோர்னில் சாய்த்தார். குயில் நெடுநேரம் கூவிக்கொண்டே இருந்தது.

அதன்பிறகு அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. மகளுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தார். காரைத் தறப்பாள் போட்டு மூடினார். கதவை வாவியிலேயே போடச் சொன்னார், நானும் கழற்றிக் கொண்டுபோய்ப் போட்டேன். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் பகுத்தறிவாளன், முடிந்துவிட்டதென்றே கம்பஸில் சொன்னேன்.

போன கிழமை கூட்டாளி ஒருவனின் புத்தம்புது வான் வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மட்டக்களப்புக்குப் போனோம். சந்தையடியில் நிறுத்தினான். எல்லாப் பக்கமும் சனம், நல்ல வெயில். நான் இறங்கி நாலைந்து அடி நடந்திருப்பேன்.

“எங்கடா திரும்பிப் போறாய்?” என்றான்.

சுற்றிப்போய் இடப்பக்கப் பின்கதவைத் திறந்து, சற்று ஒதுங்கி நின்றேன்.

சீற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மெல்ல இறங்கு மச்சாள்,” என்றேன், அவனுக்குக் கேட்காமல்.